ஹாஜி தியாப் போட்ட தடை

கோல்கீப்பராகப் பிறந்தவன் பாவி. ஆறு வருஷமாக நான் ஹாயிலின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் எண் சட்டை, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த முதுகு அசையாமல் நின்றால் எனக்கு வேலை இல்லை. அது திரும்பி என்னைப் பார்த்து ஓடி வர ஆரம்பித்தால் நான் பிஸ்மில்லாஹ் சொல்ல ஆரம்பிப்பேன்.

எங்கள் ஊர் தல்நஹ்லா. ஜோர்டானில், இர்பிதுக்கு வடக்கே, சிரியா எல்லைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து கால்பந்தை நம்பிப் பிழைக்கப் போன முதல் ஆள் ஹாயில்தான். இருபது வயதில் சவூதியில் இரண்டாம் டிவிஷன், அப்புறம் பஹ்ரைனில் நாலு வருஷம், மலேசியாவில் ஒரு சீசன். மலேசியாவிலிருந்து திரும்பியவன், "கோழிக்குக்கூட சர்க்கரை போடறாங்கடா!" என்று ஒரு மாதம் புலம்பினான். பிறகு எங்கள் கிளப்புக்கே வந்துவிட்டான். ஜோர்டான் சட்டையில் எழுபத்தொரு ஆட்டம் ஆடியிருக்கிறான். ஆடி என்ன கண்டான்? கோல் போட்டவன் படம் பேருந்து நிலையத்தில் தொங்குகிறது. தடுத்தவன் படம் எங்கேயாவது தொங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எழுபத்தொரு ஆட்டத்தில் அவன் செய்த மூன்று தப்புகளை எங்கள் ஊர் முடிவெட்டுகிறவர் தேதியோடு சொல்வார். எங்களுடையது சின்ன நாடு. தேசிய அணியின் தடுப்பாட்டக்காரனும் காலையில் வரிசையில் நின்றுதான் ஃபலாஃபெல் வடை வாங்க வேண்டும். அந்த வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் அவனுக்கு ஆடக் கற்றுக்கொடுக்க ஆசை.

அவனுக்கு வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது. இரண்டு ஆசியக் கோப்பைகள் கைநழுவிப் போயிருந்தன. ஒன்றை முழங்கால் தின்றது. இன்னொன்றுக்கு அணியே தகுதி பெறவில்லை. இந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் அம்மானில் ஒரே ஒரு தகுதி ஆட்டம். அதில் ஜெயித்தால் ஜனவரியில் ஆசியக் கோப்பை. "அதை மட்டும் ஆடிட்டேன்னா பூட்ஸைக் கழட்டி வீசிடுவேன்டா ரக்கான். அப்புறம் நீ பந்தைப் பிடிச்சா என்ன, விட்டா என்ன" என்பான். வேடிக்கையாகச் சொல்வான், ஆனால் கண்ணில் வேடிக்கை இருக்காது.

ஏப்ரலில் பக்கத்து ஊரான உம்முல்லோஸோடு லீக் ஆட்டம். பச்சை பாதாம் காய்க்கிற காலம். ஆட்களெல்லாம் பாதாமை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டே எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உம்முல்லோஸ் அணியில் முஹன்னத் என்று ஒருவன். இருபத்திரண்டு வயது, கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும். அடுத்த தேசிய அணிப் பட்டியலில் அவன் பெயர் உறுதி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறுபதாவது நிமிடம் பந்தோடு நேராக எங்கள் பக்கம் வந்தான். ஹாயில் சறுக்கிக்கொண்டு கால் வைத்தான். ஒரு நொடி தாமதம். சத்தம் என் கோல் வரை கேட்டது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. ஹாயில் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். லீக் கமிட்டியும் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. வேறு நாடாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. ஒருவன் கையால் இன்னொருவன் மகனுக்கு ரத்தம் வந்தால், வேண்டுமென்றே வந்ததா தெரியாமல் வந்ததா என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஊர்ப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சமாதானம் கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ஜாஹா என்று பெயர். பெண் கேட்கப் போவதும் ஜாஹாதான், மன்னிப்புக் கேட்கப் போவதும் ஜாஹாதான். போனதும் கசப்புக் காபி கொடுப்பார்கள். கூட்டத்தின் தலைவர் அதைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிட்டு, "எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கு" என்பார். வீட்டுக்காரர் சம்மதித்தால் "உங்க காபியைக் குடிங்க" என்பார். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை மாற்ற ஒருவனாலும் முடியாது.

ஹாயிலின் அப்பா இறந்துவிட்டார். அதனால் எங்கள் கூட்டத்துக்கு ஷேக் மிஃப்லெஹ் தலைமை. நல்ல மனுஷர்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறி, மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறிவிடும். நாற்பது கல்யாணப் பேச்சுக்குத் தலைமை தாங்கியவர். அங்கேதான் வினையே.

உம்முல்லோஸில் முஹன்னத் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக நூறு நாற்காலி. முஹன்னதின் அப்பா ஹாஜி தியாப் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆலிவ் தோப்புக்காரர், கழுத்து மரம் மாதிரி இருக்கும். மகனுக்கு அன்று காலையில்தான் இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காபி வந்தது. ஷேக் மிஃப்லெஹ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். ஆதாமிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஊரின் உறவையும் சொல்லி முடித்து, கல்யாண வீடுகளில் பேசிப் பேசிப் பழகிய வாய் அல்லவா, கடைசியில் இப்படி முடித்தார்:

"ஹாஜி, நீங்க எதைக் கேட்டாலும் சரி, அது எங்க தலை மேல. கேட்கறதுக்கு முன்னாடியே குடுத்தாச்சுன்னு வெச்சுக்கோங்க!"

பெண் கேட்கப் போன இடத்தில் அப்படிச் சொல்லலாம். தங்கம் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், அவ்வளவுதான். இங்கே அப்படிச் சொல்லலாமா? பக்கத்தில் இருந்த ஹாயிலின் சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தாளு வாயில மண்ணு விழ" என்றார்.

ஹாஜி தியாப் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"எனக்கு ஒரு தினாரும் வேணாம்," என்றார். "ஆடும் வேணாம், மாடும் வேணாம். என் மகன் காலால ஓடித்தான் சோறு தின்னான். அவன் மறுபடி மைதானத்துல இறங்கி ஆடற அன்னிக்கு வரைக்கும், உங்க ஆள் காலும் மைதானத்துல படக் கூடாது. கிளப்புக்கும் கூடாது, நாட்டுக்கும் கூடாது. இதுதான் நான் கேட்கறது. காபியைக் குடிங்க."

மருத்துவர் என்ன சொல்லியிருந்தார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது மாதம், அதுவும் எல்லாம் நல்லபடியாக நடந்தால். ஏப்ரலிலிருந்து ஒன்பது மாதம் என்றால் ஜனவரி. ஷேக் மிஃப்லெஹ் ஹாயிலைப் பார்த்தார். ஹாயில் எழுந்து நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"குடிங்க ஷேக்," என்றான். "குடுத்தது குடுத்ததுதான்."

அவர் குடித்தார். அவ்வளவுதான், எழுபத்தொரு ஆட்டத்தின் கதை ஒரு மடக்குக் காபியில் முடிந்தது. எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. வெளியே வந்து காரின் டயரை ஓங்கி உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

தேசிய அணியின் பயிற்சியாளர் வெளிநாட்டுக்காரர். அவருக்கு இதைப் புரியவைக்க நானும் ஹாயிலும் அம்மானுக்குப் போனோம். நடுவில் மொழிபெயர்க்க, சட்டைப் பையில் நிறையப் பேனா வைத்திருந்த ஒரு ஆள்.

"சிவப்பு அட்டை வாங்கினானா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"இல்லைங்க."

"காயமா?"

"இல்லைங்க."

"அப்போ ஆடக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"ஹாஜி தியாப்."

"அவர் எந்தக் கமிட்டியில இருக்கார்?"

"கமிட்டியெல்லாம் இல்லைங்க. ஆலிவ் தோப்பு வெச்சிருக்கார்."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். பயிற்சியாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் காபி விஷயத்தை விளக்கினேன். விளக்க விளக்க அது எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் வேறு வழி? வாக்கை மீறி ஹாயில் ஆடினால் போலீஸ் வராது, ஒன்றும் வராது. அவன் அம்மா இனி ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைய முடியாது. தல்நஹ்லாக்காரன் கொடுக்கிற வார்த்தையை அதற்கப்புறம் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். கடைசியில் பயிற்சியாளர், "செப்டம்பர் பதினஞ்சு வரைக்கும் பட்டியல்ல ஒரு இடம் காலியா வெச்சிருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். பெரிய மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஹாயில் தினமும் விடிந்ததும் தார்ச்சாலையில் ஓடினான். புல்லில் கால் வைக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து மண் மைதானத்தைக்கூடச் சுற்றிக்கொண்டு போனான். ஃபலாஃபெல் வரிசையில் ஒருத்தன், "என்ன கேப்டன், மாரத்தானா?" என்று கிண்டல் செய்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஹாயில்தான் விலக்கிவிட்டான்.

மே மாதத்தில் முஹன்னதுக்கு உடற்பயிற்சி சிகிச்சை ஆரம்பித்தது. வாரம் மூன்று நாள் இர்பிதுக்குப் போக வேண்டும். அண்ணன்கள் இருவரும் ராணுவத்தில். ஹாஜியின் வண்டியோ தோப்புக்குப் போகிற பழைய பிக்கப். அதில் நீட்டிய காலோடு ஏறவே முடியாது. ஹாயில் தன் காரின் முன்சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளிவிட்டு உம்முல்லோஸில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றான். முதல் நாள் கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் முஹன்னதின் அம்மா உள்ளே இருந்து கத்தினாள்:

"வெயில்ல நிக்குதே ஒரு கழுதை, அதையும் கூட்டிட்டுப் போய்த் தொலைடா முஹன்னத்! நானும் எத்தனை நாள்தான் ஜன்னல்ல பார்க்கறது?"

ஹாஜி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹாயில் ஸலாம் சொன்னான். அவர் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டினார். அதன்பிறகு நாலு மாதமும் அப்படித்தான். ஸலாமுக்குப் பதில் மட்டும் உதட்டுக்குள் முனகுவார், அது கடமை என்பதால்.

ஊர் சும்மா இருக்குமா? "தன் காலுக்காகத்தான் அவன் காலைப் பிடிக்கிறான்" என்றார்கள். நான் ஹாயிலிடமே கேட்டேன். "ஆமா, அதுக்காகத்தான். சீக்கிரம் தேறினா எனக்கும் நல்லதுதானே? வேற எதுக்குன்னு நினைச்சே?" என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாத ஆள். ஆனால் அது முழு உண்மையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பல நாள் பின்சீட்டில் நானும் போவேன். முதல் இரண்டு வாரம் முஹன்னத் வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்தவன் மூடவில்லை.

"ஏசியைக் கூட்டு."

கூட்டினான்.

"இந்தப் பாட்டு வேணாம். கிழவன் பாட்டு."

மாற்றினான்.

"கதவைத் திற. காலை உடைச்சவன் நீ, கதவையாவது திற."

ஹாயில் இறங்கி வந்து திறந்தான். நான் பின்னால் இருந்து, "டேய் பொடியா, அவன் எழுபத்தொரு ஆட்டம் ஆடினவன்டா" என்றேன். "எழுபத்திரெண்டாவது எப்போன்னு கேளுங்க" என்றான் அந்தப் பயல். எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஹாயில் சிரித்துவிட்டான். ஏப்ரலுக்கப்புறம் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஜூன் கடைசியில் ஒருநாள், இரண்டு கம்பிகளுக்கு நடுவே முஹன்னத் முதல்முறையாக அந்தக் காலில் பாரம் போட்டான். நாலு அடி நடந்தான். ஐந்தாவதில் உட்கார்ந்து சின்னக் குழந்தை போல அழுதான். "இது ஓடாது. எனக்குத் தெரியும், இனிமே இது ஓடவே ஓடாது" என்றான். ஹாயில் வெளியே போய்விட்டான். நான் தேடிப் போனபோது ஷவர்மாக் கடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

அன்று திரும்பி வரும்போது முஹன்னத் கேட்டான்:

"உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்குச் சறுக்கிட்டு வரும்போது என் காலைப் பார்த்தீங்களா?"

ஹாயில் காரை ஓரமாக நிறுத்தினான்.

"பந்தைத்தான் பார்த்தேன். அப்புறம் காலையும் பார்த்தேன். என் காலைப் பின்னால இழுத்திருக்கலாம், நேரம் இருந்துச்சு. கண் சிமிட்டற நேரம்தான், ஆனா இருந்துச்சு." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். "நீ என்னைத் தாண்டிப் போயிட்டா, ஹாயில் கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் சொல்லுவாங்கன்னு பயம். அதான் இழுக்கலை."

இதை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. முஹன்னத் ஜன்னலுக்கு வெளியே வெட்டி அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கனாஃபா வாங்கிக் குடுங்க," என்றான் பிறகு. "பெரிய தட்டு. சின்னத் தட்டோட நிறுத்தினீங்கன்னா, இப்போ சொன்னதை அப்பாகிட்டச் சொல்லிடுவேன்."

வாங்கிக் கொடுத்தான். பாகு சொட்டுகிற அந்த இனிப்பை மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அன்றிலிருந்து அவன் ஹாயிலை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தான்.

ஆகஸ்டில் ஒற்றை ஊன்றுகோலுக்கு வந்தான். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, கால் நன்றாகக் கூடியிருக்கிறது, ஆனால் ஜனவரிக்கு முன்னால் பந்தைத் தொடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். செப்டம்பர் பிறந்துவிட்டது. பதினைந்துக்கு இன்னும் பத்து நாள்தான். ஷேக் மிஃப்லெஹ் அதற்குள் பாதியாக இளைத்துப்போயிருந்தார். "நான் போய்க் கேட்கட்டுமா?" என்று வந்து நின்றார். கொடுத்தவனே போய்த் திருப்பிக் கேட்பதா? அது முறையே இல்லை. ஹாயில் வீட்டார் ஒருவரும் தலைமை தாங்கிப் போக முடியாது. வேறு ஊர்ப் பெரியவர்கள் மூவரைக் கேட்டோம். மூவரும் நாசூக்காக நழுவினார்கள். ஹாஜி தியாபிடம் போய் மூக்கறுபட யாருக்கு ஆசை?

"நான் வர்றேன்," என்றான் முஹன்னத், காரில் போகும்போது.

"எங்க?"

"ஜாஹாவுக்கு. நானே தலைமை."

"யார் வீட்டுக்குடா?"

"எங்க வீட்டுக்குத்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து எங்கள் ஊர் ஆட்கள் ஏழு கார்களில் கிளம்பினோம். வழியில் ஒரு வீட்டில் காலையிலிருந்தே வந்து ஒளிந்திருந்த முஹன்னத், இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியும் தலையில் சிவப்புக் கட்டத் துணியுமாக முதல் காரில் ஏறிக்கொண்டான். மாப்பிள்ளை மாதிரி இருந்தான். யார் வருகிறார்கள் என்பது ஹாஜிக்குத் தெரியும். யார் தலைமை என்பது தெரியாது. வாசலில் தம்பிமாரோடு வரிசையாக நின்றிருந்தார். முதல் காரின் கதவு திறந்து முதலில் ஊன்றுகோல் வந்தது, பிறகு மகன் வந்தான்.

"டேய், நீ எங்கடா அந்தப் பக்கம்?" என்றார் ஹாஜி.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஹாஜி," என்றான் முஹன்னத் கம்பீரமாக, அப்பாவை முன்பின் பார்த்திராதவன் போல.

உள்ளே போய்த் தலைமை விருந்தாளியின் இடத்தில், அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். காபி ஊற்றுகிற சித்தப்பா மகன் என்ன செய்வதென்று தெரியாமல் இருவரையும் பார்த்தான். பின்னே, வழக்கம் வழக்கம்தானே? ஊற்றினான். முஹன்னத் கிண்ணத்தை வாங்கி, ஒரு துளி சிந்தாமல், முன்னால் இருந்த சின்ன மேஜையில் வைத்தான். உள்ளறையில் அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எழுந்து உள்ள போடா," என்றார் ஹாஜி மெதுவாக. "ஊர் சிரிக்கும்."

"நான் உங்க விருந்தாளி, ஹாஜி. விருந்தாளியை எழுப்புவீங்களா?"

ஹாஜி நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி, சொல்லித் தொலை."

"ஹாயிலை ஆட விடணும். அதான் கோரிக்கை."

"உன் கால்டா அது! உன் காலுக்காகத்தானே நான்..." அவர் குரல் உடைந்துவிட்டது. அந்த மரக்கழுத்து மனுஷரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"என் கால்தான்பா," என்றான் முஹன்னத். ஹாஜி என்பது எங்கேயோ போய்விட்டது. "என் கால்ங்கறதாலதான் கேட்கறேன். நான் அவரை முழுசா மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலை. ராத்திரி வலி எடுத்தா இன்னும் திட்டறேன். ஆனா நாலு மாசம் என்னைத் தூக்கிட்டுத் திரிஞ்சவர் அவர்தான். ஜனவரியில நான் எழுந்து நிக்கும்போது ஆசியக் கோப்பை இருக்கணும்பா, அதுல நம்ம நாடு இருக்கணும். இவர் இல்லாம அந்த ஆட்டத்துல யாரு தடுப்பாங்க? ஸர்க்காலேர்ந்து ஒருத்தனை எடுத்திருக்காங்க, ஊதினா விழுந்துடுவான்."

இரண்டு பக்கத்திலும் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஹாஜி சிரிக்கவில்லை.

"நூறு பேர் முன்னாடி சொன்ன வார்த்தை. நான் எங்க கொண்டுபோய் முகத்தை வெச்சுக்கறது?"

கடைசி வரிசையிலிருந்து ஷேக் மிஃப்லெஹ் எழுந்தார். ஐயோ, ஆதாமிலிருந்து ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "முதல்ல வாயைத் திறந்தது நான்தான் ஹாஜி. பழி என்னோடது. ஊர்ல யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க," என்றார். உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்நாளிலேயே அதுதான் மிகச் சின்னப் பேச்சு.

ஹாஜி தியாப் நாலு மாதத்தில் முதல்முறையாக ஹாயிலின் முகத்தைப் பார்த்தார்.

"இங்க வா."

ஹாயில் போய் அவர் முன்னால் நின்றான்.

"அங்க போய் இன்னொருத்தன் மகன் காலை உடைப்பியா?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வல்லாஹி என்று சத்தியமும் செய்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஹாயில் அப்படிச் செய்யவில்லை.

"பயமா இருக்கு ஹாஜி," என்றான். "உடைச்சிடுவேனோங்கறது இல்லை. இனிமே என்னால கால் வைக்கவே முடியாதோன்னு. கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான் கேட்குது."

"கால் வைக்க முடியாதவன் எதுக்குடா போறே?"

"போகலைன்னா அது கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும்."

ஹாஜி மூக்கை உறிஞ்சினார். மகனைப் பார்த்தார். மேஜையில் ஆறிக்கொண்டிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"குடி," என்றார். "குடிச்சிட்டு எழுந்து உள்ள போ. உங்க அம்மா சிரிச்சே செத்துடப் போறா."

முஹன்னத் ஒரே மடக்கில் குடித்தான். அடேயப்பா, கூடத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்! நான் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

ஆட்டத்தன்று ஹாஜி தன் வீட்டுக் கூடத்திலேயே பெரிய டி.வி.யை வைத்து இரண்டு ஊரையும் அழைத்திருந்தார். நான் தேசிய அணியில் இல்லாத கோல்கீப்பர்; முஹன்னதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் காலை ஒரு நாற்காலியில் நீட்டியிருந்தான். ஹாஜி மட்டும், "எனக்கு இதெல்லாம் பார்க்கப் பிடிக்காது" என்று டி.வி.க்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து மணியை உருட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஓரக்கண் எங்கே இருந்தது என்று நான் பார்த்தேன்.

முப்பதாவது நிமிடம் நாங்கள் ஒரு கோல் போட்டோம். கூடம் அதிர்ந்தது. மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள், நான் ஹாயிலை மட்டும் பார்த்தேன். அவன் கால் வைக்கவில்லை. எதிராளி வந்தால் பின்வாங்கினான், இன்னும் பின்வாங்கினான். இரண்டு தடவை ஆளைக் கோலை நோக்கி உதைக்க விட்டான். ஒன்று கம்பத்தில் பட்டது, ஒன்றைக் கோல்கீப்பர் விரல் நுனியில் தள்ளினான். வர்ணனையாளர், "ஹாயில் ஆட்டத்தை விட்டு ரொம்ப நாளாச்சே" என்று இழுத்தார். முஹன்னத் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, போங்கண்ணே" என்று வாய்க்குள்ளேயே சொன்னான்.

எண்பத்தொன்றாவது நிமிடம். எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னால் போயிருந்தபோது பந்து பறிபோனது. அவர்களுடைய பத்தாம் எண், மின்னல் மாதிரி ஒரு பொடியன், தனியாக வந்தான். நடுவில் ஹாயில் ஒருத்தன்தான். பின்வாங்கினான். பின்வாங்கினான். பெனால்டி பெட்டியின் கோடு வந்துவிட்டது.

நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. ஹாஜி தியாப் டி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மணி தரையில் கிடந்தது.

"கால் வைடா!" என்று கத்தினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. "பயப்படாதடா என் மகனே, கால் வை!"

ஹாயில் சறுக்கினான். புல் தெறித்தது. பந்து மட்டும் தனியாக, சுத்தமாக, பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் போனது. அந்தப் பொடியன் உருண்டு விழுந்தான், உடனே எழுந்தும் விட்டான். ஹாயில் அவன் கையைப் பிடித்துத் தூக்கி, குனிந்து அவன் காலை ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் கன்னத்தில் தட்டினான்.

கூடத்தில் ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் ஹாஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தன் மகன் காலை உடைத்தவனை மகனே என்று கூப்பிட்டது அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. முகம் சிவந்துவிட்டது.

"என்னை என்னடா பார்க்கறீங்க?" என்று அதட்டினார். "இன்னும் ஒம்போது நிமிஷம் இருக்கு, ஆட்டத்தைப் பாருங்க!"

நாங்கள் டி.வி. பக்கம் திரும்பினோம். முஹன்னத் மட்டும் திரும்பவில்லை. எட்டி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். அந்த ஒன்பது நிமிடமும் அவர் அந்தக் கையை விடவில்லை.